இருநூற்றுப் பன்னிரண்டு நாள் பட்டினி

1

மனித குலம் கண்டடைந்த ஞானம் அத்தனையும் வெறும் வயிற்றில் முளைத்ததுதான்.

இதை எழுதியபோது என் வாயில் ரொட்டி இருந்தது.

ஒரு வார இதழில் பதினான்கு வாரம் நான் எழுதிய தொடரின் முதல் வாக்கியம் இது. தொடரின் பெயர் ‘வெறும் வயிற்றின் வெளிச்சம்’. நாளுக்குப் பதினாறு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல், மீதி எட்டு மணி நேரத்துக்குள் சாப்பாட்டை முடித்துக்கொள்ளும் இடைவெளி விரதத்தைப் பற்றியது. தலைப்புக்குக் கீழே என் புகைப்படம் இருக்கும். மோவாயைச் சற்றே உயர்த்தி, கன்னம் ஒட்டித் தெரிவதற்காக உள்பக்கம் கடித்துக்கொண்டு நிற்பேன்.

இந்தக் கதை அந்தத் தொடரிலிருந்து பிறந்ததென்றால் கௌரவமாக இருக்கும். உண்மையில் இது இன்று காலை எட்டே முக்காலுக்கு, ஒரு போன் செய்வதைத் தள்ளிப்போடுவதற்காகப் பிறந்தது. என் அண்ணனைக் கூப்பிட்டு ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். மதியம் ஒரு மணிக்கு அவர் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார். இருபத்தாறு வருடம் பார்த்த வேலைக்கு இனித் தன் உடம்பு லாயக்கில்லை என்று ஒப்புக்கொள்ளும் தாள். அவர் உடம்பில் ஒரு கோளாறும் இல்லை. அது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதுதான் நான் சொல்ல வேண்டிய வாக்கியம்.

அதைச் சொல்ல வராமல் இரண்டாயிரம் வார்த்தை எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுத்தாளர்கள் உழைப்பாளிகள் என்று பெயர் வாங்குவது இப்படித்தான்.

2

முதல் தொடக்கம்:

*இருள். எண்ணெய் வாடை. மேலே முடிவில்லாமல் ஏறும் இரும்பு வடங்கள். அவற்றின் நடுவே, உலகம் மறந்துபோன ஒரு மனிதன் —*

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் ஏறி நின்று, அது ஓடும் செங்குத்தான குழிக்குள் வேலை செய்பவர். மேலே உள்ளது அந்தக் குழியைப் பற்றிய என் வர்ணனை. ஒருமுறை அவரிடமே கேட்டிருக்கிறேன். “உள்ள எப்படிண்ணா இருக்கும்? இருட்டா, தனியா…”

“லைட் இருக்குடா,” என்றார். “மாடிக்கு ஒண்ணு. நல்ல லைட்.”

அந்தத் தொடக்கம் அதோடு போயிற்று.

இரண்டாம் தொடக்கம்:

*அந்தச் செயலியில் ஒரு வட்டமும் ஒரு பொத்தானும் தவிர வேறெதுவும் இல்லை.*

இது உண்மை. அதனால் இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

விரத நேரத்தைக் கணக்கிட நான் போனில் போட்டுக்கொண்ட செயலி அது. டைமர் என்றால் வெறும் டைமர். இரவு எட்டு மணிக்குக் கடைசி வாய் சாப்பிட்டதும் பொத்தானை அமுக்க வேண்டும். வட்டம் மெல்ல நிறையும். மறுநாள் மதியம் பன்னிரண்டுக்கு வட்டம் மூடி, மணி ஒலிக்கும். மறுபடி அமுக்கினால் ‘வாழ்த்துகள்! 16 மணி நேரம்’ என்று வரும். பக்கத்தில், தொடர்ச்சியாக எத்தனை நாள் என்ற எண்.

எட்டு நாள் ஒழுங்காக இருந்தேன். இதை நம்புங்கள். இந்தக் கதையில் நீங்கள் தயங்காமல் நம்பக்கூடிய எண் இந்த எட்டு ஒன்றுதான்.

ஒன்பதாம் நாள் காலை இதழின் அலுவலகத்தில் யாருக்கோ பிரிவுபசாரம். கையில் ஒரு கேக் துண்டைத் திணித்தார்கள். பேசிக்கொண்டே தின்றுவிட்டேன். தின்ற பிறகுதான் நினைவு வந்தது, நான் விரதத்தில் இருக்கிறேன் என்று. கூட்டம் கலைந்ததும் டைமரை நிறுத்தலாம் என்றிருந்தேன். அதற்குள் பன்னிரண்டு அடித்து மணி ஒலித்தது. பழக்கத்தில் அமுக்கினேன். ‘வாழ்த்துகள்! 16 மணி நேரம்’ என்றது.

மனம் திறந்து வாழ்த்துகிற ஒருவரை எப்படி மறுத்துப் பேசுவது? நான் நாகரிகம் தெரிந்தவன்.

அன்றிலிருந்து நான் விரதம் இருக்கவில்லை. டைமர் மட்டும் வைத்தேன். காலை ஏழு மணிக்கு ரொட்டி, எட்டரைக்கு முட்டை, பத்துக்குப் பிஸ்கட், பன்னிரண்டுக்குப் பொத்தான். பொத்தான் விஷயத்தில் என் ஒழுக்கத்தை யாரும் குறை சொல்ல முடியாது. இரவு எட்டு என்றால் எட்டு. காய்ச்சலில் படுத்தபோதுகூட எழுந்து அமுக்கினேன். தனியாக இருப்பவன் நான், ஃப்ரிட்ஜைத் தவிர சாட்சி கிடையாது. எண் ஏறிக்கொண்டே போயிற்று. முப்பதாம் நாள் இதழின் ஆசிரியருக்கு அதைக் காட்டினேன். அவர் தொடர் கேட்டார்.

(இந்த இடத்தில் ‘நான் பொய் சொன்னேன்’ என்று ஒரு வாக்கியம் எழுதி அடித்திருக்கிறேன். உண்மையில் நான் எதுவும் சொல்லவில்லை. டைமர் சொன்னது. இந்த வாதம் எனக்கே பிடித்திருப்பதால்தான் சந்தேகமாக இருக்கிறது.)

4

இனி அண்ணன். இவரை ஒரு பாத்திரமாக நிறுத்துவதில் எனக்குச் சிக்கல் இருக்கிறது. ரொம்ப நல்லவராகத் தெரிகிறார். கதையில் ரொம்ப நல்லவரைக் கண்டால் வாசகர் கடிகாரம் பார்ப்பார். ஆகவே குறைகளை முதலில் சொல்கிறேன். குறட்டை விடுவார். சாப்பிடும்போது பேசமாட்டார். லிஃப்டில் யாராவது பொத்தானைத் திரும்பத் திரும்ப அமுக்கினால், முன்பின் தெரியாதவராக இருந்தாலும் பாடம் எடுப்பார். “நீங்க இருபது தடவ அமுக்கினாலும் அது ஒரு தடவதாங்க கேக்கும்.”

வேலையிடத்தில் அவருக்குப் பட்டப்பெயர் ‘கையெழுத்து’. ஒவ்வொரு லிஃப்டுக்கும் ஒரு பராமரிப்புப் பதிவேடு உண்டு. வடம் பார்த்தேன், பிரேக் பார்த்தேன், கதவு பார்த்தேன் என்று வரிசையாகக் கையெழுத்துப் போட வேண்டும். மற்றவர்கள் கீழே டீ குடித்துக்கொண்டே மொத்தத்துக்கும் போட்டுவிடுவார்கள். இவர் கண்ணால் பார்க்காததற்குப் போடமாட்டார். அதனாலேயே ஒரு லிஃப்டுக்கு அரை நாள் ஆக்குவார். மேற்பார்வையாளர் தலையில் அடித்துக்கொள்வார்.

அவரைப் பொறுத்தவரை பதிவேட்டில் இருந்தால் அது நடந்தது. வேறு யோசனையே அவருக்குக் கிடையாது. மற்றவர்கள் பார்க்காமலே பதிவு செய்வார்கள் என்று தெரிந்திருந்தும், தன் வீட்டு ஆள் ஒருவன் அப்படிச் செய்வான் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

என் அறுபதாம் நாளில் அவர் என் போனைப் பார்த்தார்.

“அறுபது நாளா? ஒரு நாள்கூட விடலையா?”

“விடலைண்ணா.”

“பயங்கரமான ஆள்டா நீ,” என்றார். இருபது வருடமாக என் கதை எதற்கும் அவர் இப்படிச் சொன்னதில்லை. “எனக்கும் போட்டுக் குடு. கூரைக் கதவு வழியா மேல ஏறுறப்போ தொப்பை தட்டுது.”

போட்டுக் கொடுத்தேன். செயலியில் இரண்டு பேர் சேர்ந்துகொள்ளலாம். அவர் வட்டம் என் போனில் தெரியும், என் வட்டம் அவர் போனில். என் பக்கம் பதினாறு, பதினாறு, பதினாறு என்று சுவரில் அடித்த ஆணிபோல நிற்கும். அவர் பக்கம் 15:40, 16:00, 13:05. அந்தப் பதிமூன்றுக்குக் கீழே குறிப்பு வேறு எழுதியிருப்பார்: ‘மாமனார் வந்தார். சேர்ந்து சாப்பிட்டேன்.’ இன்னொரு நாள் 14:10, ‘பசித்தது.’

பசித்ததாம். அன்று நான் அவருக்கு ஒரு செய்தி அனுப்பினேன். தொடரில் நானே எழுதிய வரி. ‘பசி என்பது வயிறு சொல்லும் பொய், அண்ணா.’

அவர் பதில் போட்டார்: ‘சரிடா. இனிமே ஏமாற மாட்டேன்.’

5

நடந்ததைச் சொல்கிறேன்.

மூன்று மாதம் முன்பு, ஒரு பத்து மாடிக் கட்டடம். காலை பத்து இருபது. அண்ணன் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று மெதுவாக மேலே ஓட்டிக்கொண்டே வடம் பார்த்திருக்கிறார். பக்கத்து லிஃப்ட் மக்களுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் கண் இருட்டியிருக்கிறது. விழுவதற்கு முன் செய்ய வேண்டியதைச் செய்தார். இரண்டு லிஃப்டையும் நிறுத்தும் சிவப்புப் பொத்தானைத் தட்டிவிட்டு, கூரையிலேயே குந்தி உட்கார்ந்து, வடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நாற்பது நிமிடம் கழித்து இறக்கினார்கள்.

பக்கத்து லிஃப்டில் அந்த நாற்பது நிமிடமும் மாட்டிக்கொண்டவர்கள் ஒரு பல் மருத்துவரும், அவர் அப்போதுதான் பல்லைப் பிடுங்கி முடித்திருந்த ஒருவரும். மருத்துவர் கத்தித் தீர்த்திருக்கிறார். மற்றவர் தாடை மரத்துப்போய், பஞ்சைக் கடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டியிருக்கிறார்.

(பல் மருத்துவர் நான் சேர்த்ததில்லை. சிரிப்பு தேவைப்படுகிற இடத்தில் வாழ்க்கையே ஒன்றைக் கொடுத்தால் மறுப்பதில்லை. இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு ஏன் தேவைப்படுகிறது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.)

மேற்பார்வையாளர் ஓடிவந்து, அண்ணனுக்குத் தண்ணீர் கொடுத்து, காதோடு சொன்னாராம், “கதவு சென்சார் கோளாறுன்னு எழுதிடுங்க. முடிஞ்சுது.”

“கதவு நல்லாத்தானே இருக்கு?” என்று கேட்டாராம் அண்ணன்.

“அது எனக்குத் தெரியாதா? எழுதுங்கன்னா எழுதுங்களேன்.”

அண்ணன் பதிவேட்டை வாங்கி எழுதினார். அந்தப் பக்கத்தின் படத்தை எனக்கு அனுப்பியிருந்தார். என்னிடம் இருக்கிறது:

*இயந்திரக் கோளாறு இல்லை. மெக்கானிக்குக்குத் தலைசுற்றல். கடைசியாகச் சாப்பிட்டது நேற்று இரவு 8:00.*

கீழே கையெழுத்து.

எழுத்தாளன் என்ற முறையில் சொல்கிறேன், குறை காண முடியாத உரைநடை. மூன்று வாக்கியம். நான் இதுவரை ஆயிரம் வார்த்தைக்குக் கிட்ட எழுதிவிட்டேன், அந்த மூன்றில் ஒன்றுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

அதன் பிறகு அவரைக் குழிக்குள் விடவில்லை. அலுவலகத்தில் ஒரு மேசை கொடுத்தார்கள், ஒரு போன் கொடுத்தார்கள். மாட்டிக்கொண்டவர்கள் கூப்பிடுகிற போன். “பயப்படாதீங்க. எந்த மாடி? கதவை இழுக்காதீங்க. ஆள் வந்துட்டே இருக்கு.” நாளெல்லாம் ஆளை அனுப்பிக்கொண்டிருக்கிறார், தான் போக முடியாமல்.

6

போன ஞாயிறு அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். மணி பதினொன்று. இந்த நேரம் எனக்குக் கஷ்டமான நேரம். மற்றவர் முன்னால் மட்டும் நான் நிஜமாகவே பட்டினி கிடக்க வேண்டும்.

அண்ணி தட்டைக் கொண்டுவந்து வைத்தார். (அண்ணியைப் பற்றியும் ஒரு சந்தேகம். கதையில் இவர் பேசுவதெல்லாம் கூர்மையாக இருக்கிறது. நான் கூர்மையாக்கி எழுதுகிறேனா என்று யோசித்தேன். இல்லை. நேரில் இன்னும் மோசம்.)

“அவனுக்குப் பன்னெண்டு வரைக்கும் கிடையாது,” என்றார் அண்ணன். “தட்டை எடு. முன்னால வச்சு ஏன் சோதிக்கிற?”

“ஓ, மறந்துட்டேன், முனிவர் வந்திருக்காரே.” அண்ணி தட்டை எடுக்கவில்லை. என்னைப் பார்த்தார். சட்டையைப் பார்த்தார். “தம்பி, ஒண்ணு கேக்கறேன். சட்டையில அது என்ன தூளு?”

“எது அண்ணி?”

“பாக்கெட்டுக்குக் கீழ. பிஸ்கட் மாதிரி இருக்கு.”

“நேத்து போட்ட சட்டை அண்ணி.”

“இஸ்திரி மடிப்புகூடக் கலையலையே. நேத்துப் போட்டுட்டு நின்னுக்கிட்டே தூங்கினீங்களா?”

“உனக்கு எப்பப் பாரு அவனைச் சந்தேகப்படணும்,” என்றார் அண்ணன். “இருநூத்தி ஏழு நாளு. போன்ல இருக்கு. நானே தினம் பாக்கறேன்.”

“போன்ல இருக்கு, சரி. வயித்துல என்ன இருக்குன்னு போனுக்குத் தெரியுமா?”

அண்ணன் எழுந்தார். அலமாரியிலிருந்து ஒரு உறையை எடுத்துவந்தார். அதில் இரண்டு தாள்கள். ஒன்று, திரும்பவும் உடல் பரிசோதனை செய்து தன்னைக் குழி வேலைக்கு அனுப்பும்படி கேட்கும் விண்ணப்பம். இன்னொன்று, மேசை வேலையே போதும் என்ற சம்மதம். வியாழக்கிழமை மதியம் ஒரு மணிக்குள் ஏதாவது ஒன்றைக் கொடுக்க வேண்டும்.

“முதல் தாள்தானே?” என்றேன்.

“இல்லடா. ரெண்டாவது.”

“டாக்டர் எல்லாம் நார்மல்னு சொல்லிட்டாரே!”

“சொன்னாரு. ரத்தம் பாத்தாரு, இதயம் பாத்தாரு, ஓடவிட்டுப் பாத்தாரு. ஒண்ணும் இல்லையாம். சாப்பிடாம மேல ஏறினா யாருக்கும் வரும்கிறாரு.”

“அப்புறம் என்ன?”

“யாருக்கும் வரும்னா உனக்கு ஏன் வரல?”

நான் பாக்கெட்டுக்குக் கீழே இருந்த தூளைத் தட்டிவிட்டேன்.

“அதே பதினாறு மணி நேரம். நீ இருநூறு நாள் அசால்ட்டா இருக்க. நான் பதினாலுலயே விழறேன். ஒரே அப்பா, ஒரே அம்மா. அப்ப எனக்குள்ள என்னவோ இருக்கு, டாக்டர் கண்ணுல படாதது. இன்னிக்கு நானே விழுந்தேன். நாளைக்கு மேல இருந்து ஸ்பானரை விட்டேன்னா, கீழ நிக்கறவன் என்ன பாவம் பண்ணான்? எனக்குத் தெரியாத பார்ட்டை வச்சுக்கிட்டு நான் லிஃப்ட ஓட்டமாட்டேன்டா. உடம்பை மட்டும் ஓட்டலாமா?”

என் வாய் திறந்தது. நிஜமாகவே திறந்தது, அண்ணி பார்த்தார். *அண்ணா, நான் —*

“யோசிச்சு முடிவு பண்ணுங்கண்ணா,” என்றேன்.

அண்ணி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

7

ஐந்தாம் பகுதியைத் திருத்த வேண்டும். ஒன்றை விட்டுவிட்டேன். பல் மருத்துவரை அங்கே நிறுத்தியது அதை மறைக்கத்தான்.

அன்று காலை பத்து மணி இரண்டு நிமிடத்துக்கு அண்ணனிடமிருந்து எனக்கு ஒரு செய்தி வந்தது. ‘14 ஆச்சு. கை லேசா நடுங்குது. மேல ஏறணும். நிறுத்திட்டு ஏதாவது சாப்பிடவா?’

நான் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு கையில் ரொட்டி, நடுவில் முட்டை. மற்ற கையால் தட்டினேன்:

‘இன்னும் ரெண்டு மணி நேரம்தான். தண்ணி குடிங்கண்ணா.’

‘சரிடா.’

அடுத்த பதினெட்டாவது நிமிடம் அவர் வடத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பதிவேட்டில் இந்தச் செய்தியை அவர் எழுதவில்லை. காரணம் கேட்டவர்கள் யாரிடமும் சொல்லவில்லை. மருத்துவமனைக்கு நான் போனபோது என்னிடம் சொன்னது இதுதான்: “மன்னிச்சுக்கடா. ரெண்டு மணி நேரம் தாங்க முடியல.”

என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான், “பரவாயில்லைண்ணா,” என்றேன். மன்னித்தேன் ஐயா, நான் அவரை மன்னித்தேன்.

[இங்கே ஒரு பத்தி இருந்தது. குற்றவுணர்வு, நள்ளிரவு, கண்ணீர் என்றெல்லாம். எடுத்துவிட்டேன். அன்று இரவு எட்டு மணிக்குப் பொத்தானை அமுக்கிவிட்டு நன்றாகத் தூங்கினேன்.]

8

முடிவுகள். மூன்று வைத்திருக்கிறேன்.

முதல் முடிவு: நான் கூப்பிடுகிறேன். சொல்கிறேன். பிறகு அவர் சிரிக்கிறார், “போடா திருட்டுப் பயலே” என்று. முதல் தாளை எடுத்துக் கையெழுத்துப் போடுகிறார். அடுத்த மாதம் குழிக்குள் நல்ல வெளிச்சத்தில் நிற்கிறார். இந்த முடிவில் எனக்கு ஒரு சேதமும் இல்லை. அதனாலேயே இதை நம்ப முடியவில்லை.

இரண்டாம் முடிவு: நான் சொல்கிறேன். அவர் சிரிக்கவில்லை. “அந்தக் காலையில நீ சாப்பிட்டியா?” என்று மட்டும் கேட்கிறார். சாப்பிட்டேன் என்கிறேன். “என்ன சாப்பிட்ட?” என்கிறார். அவர் எதையும் கண்ணால் பார்க்காமல் விடமாட்டார். முட்டை என்கிறேன். போனை வைத்துவிடுகிறார். முதல் தாளில் கையெழுத்துப் போடுகிறார். வேலை திரும்புகிறது. அண்ணன் திரும்புவதில்லை.

நிஜத்தில் நடக்கக்கூடியது இதுதான். அவருக்கு நல்லது. எனக்குத்தான் நல்லதல்ல. நான்கு நாளாக நான் நிறுத்துப் பார்த்துக்கொண்டிருப்பது இவ்வளவுதான்: அவருடைய இருபத்தாறு வருடமும், ‘பயங்கரமான ஆள்டா நீ’ என்று அவர் ஒருமுறை சொன்னதும்.

மூன்றாம் முடிவு: நான் கூப்பிடவில்லை. இந்தக் கதை அச்சாகிறது. அவர் படிக்கிறார் —

அவர் லிஃப்ட் கையேடு தவிர எதுவும் படிப்பதில்லை. அண்ணி படிப்பார். ஆறாம் பகுதியை எட்டும்போது இரண்டாவது தாள் போய்ச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருக்கும்.

ஆகவே, வாசகரே, முடிவை உங்களிடம் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். இந்த மாதிரிக் கதைகளில் அது ஒரு மரியாதையான ஏற்பாடு. ‘நீங்களே முடித்துக்கொள்ளுங்கள்’ என்று எழுத்தாளர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடலாம். ஆனால் அண்ணனின் எண் உங்களிடம் இல்லை. என்னிடம்தான் இருக்கிறது. நீங்கள் எந்த முடிவைத் தேர்ந்தாலும் போன் செய்ய வேண்டியவன் நான்.

9

பன்னிரண்டு அடித்தது. வட்டம் மூடியது. அமுக்கினேன். ‘வாழ்த்துகள்! 16 மணி நேரம்.’ 212.

ஒரு நிமிடத்துக்குள் அண்ணனிடமிருந்து செய்தி. தன் வட்டத்தை அவர் மூன்று மாதம் முன்பே அழித்துவிட்டார், என்னுடையதை மட்டும் வைத்திருக்கிறார்.

‘212! சூப்பர்டா. ஒருத்தனாவது வீட்ல உருப்படியா இருக்கியே. நான் ரெண்டாவது தாள எடுத்து வச்சுட்டேன். சாப்பிட்டு வந்து கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுவேன். நீ போய் முதல்ல ஏதாவது சாப்பிடு.’

இதை எழுதும்போது மணி பன்னிரண்டு இருபத்தாறு. இன்னும் முப்பத்து நான்கு நிமிடம் இருக்கிறது. அவர் எண் திரையில் இருக்கிறது. சொல்ல வேண்டிய வாக்கியத்தை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்திருக்கிறேன், அவர் பாணியில்: *அண்ணா, நான் எட்டு நாள்தான் இருந்தேன்.* கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறேன். வாசித்தால் போதும். நான்கு விநாடி.

அவர் செய்திக்கு இதுவரை ஒரு கட்டைவிரல் படம் மட்டும் அனுப்பியிருக்கிறேன். அதுவும் இரண்டாவது தட்டலில்தான் போயிற்று. விரலில் ஜாம் இருந்தது.